காணாமல் போகாத அட்டிகை

அமிர்தவல்லிக்கும் நகைக்கும் எப்போதும் ஒட்டாது. காதில் கிடக்கும் தோட்டைக்கூட, போட்டுக்கொண்டால்தான் சாப்பிடுவேன் என்று தம்பி அருண்பிரசாத் அடம்பிடித்ததால் போட்டுக்கொண்டாள். கச்சால் தீவின் ரப்பர் தோட்டத்தில் வயசு முழுக்கப் பால் வெட்டியவள். ஓய்வு பெற்ற பிறகு படுக்கையில் விழுந்த அப்பாவையும் கூட்டிக்கொண்டு போர்ட் பிளேருக்கு வந்து, குட்வில் எஸ்டேட்டில் தம்பி வீட்டில் ஒடுங்கிக்கொண்டாள். கல்யாணம் ஆகவில்லை. இந்த வயதில் நகை எதற்கு என்று கேட்பவள். அப்படிப்பட்டவளைத் தம்பி மகள் பானு, தரதரவென்று இழுக்காத குறையாக நகைக் கண்காட்சிக்குக் கூட்டிப் போனாள்.

பானுவுக்கு அங்கே வழிகாட்டி வேலை. ஒப்பந்த வேலைதான். ஆனால் பட்டுப் போல ஒரு சேலையும் மார்பில் பெயர்ப் பட்டையும் கொடுத்திருந்தார்கள். அப்பாவும் அம்மாவும் கார் நிக்கோபார் தீவில் வேலையாக இருப்பதால், தான் பேசுவதை வீட்டு மனிதர் ஒருவராவது வந்து பார்க்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. தாத்தாவுக்குக் கஞ்சி கொடுத்துத் தூங்க வைத்துவிட்டு, பக்கத்து வீட்டு ஷீலாவைக் கொஞ்சம் எட்டிப் பார்க்கச் சொல்லிவிட்டு இருவரும் ஸ்கூட்டரில் கிளம்பினார்கள்.

கடலோரத்தில் புதிதாகக் கட்டிய தனியார் அருங்காட்சியகம் அது. கடல் தாண்டி மெயின்லேண்டிலிருந்து ஓர் அறக்கட்டளை நகைகளைக் கொண்டுவந்து வைத்திருந்தது. ‘வங்கக் கடலின் ராணிகள்’ என்று கண்காட்சிக்குப் பெயர். அந்த ராணிகளில் ஒருத்திகூட ராணி இல்லை. ரங்கூன் அரிசி மில் முதலாளியின் மனைவி, பினாங்கு ஈயச் சுரங்கக்காரனின் மனைவி, இங்கே ராஸ் தீவில் இருந்துகொண்டு கைதிகளை மேய்த்த அதிகாரியின் மனைவி, சிலோன் தேயிலைத் துரையின் மனைவி. வெள்ளைக்காரன் காலத்திலும் அதற்குப் பிறகும் இந்தக் கடலைச் சுற்றி எங்கெங்கே ஊரார் முதுகு ஒடிந்ததோ அங்கெல்லாம் ஒருத்தியின் கழுத்து மின்னியிருக்கிறது, அவ்வளவுதான்.

கண்ணாடிப் பெட்டிகளுக்குள் மரகதமும் மாணிக்கமும் விளக்கு வெளிச்சத்தில் குளித்துக்கொண்டிருந்தன. சுவர் உயரத்துக்கு அந்தப் பெண்களின் புகைப்படங்கள். ஒருத்தி சிறுத்தைக் குட்டியைச் சங்கிலியில் பிடித்திருந்தாள். ஒருத்தி கையில் மதுக் கிண்ணத்தோடு கப்பல் தளத்தில் சாய்ந்திருந்தாள். வேலை செய்த கை என்று ஒரு கையும் அந்தப் படங்களில் கிடையாது. குளிர்சாதனக் குளிரில் அமிர்தவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கூட்டத்தின் கடைசியில் நடந்தாள். வீட்டில் துணி மடிக்கச் சொன்னால் மூக்கால் அழுகிற பானு, இங்கே ஹிந்தியில் பொழிந்து தள்ளுவதைப் பார்க்க அவளுக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

நாலாவது பெட்டியில் ஒரு நீலக்கல் அட்டிகை. நடுவில் மட்டும் மஞ்சளாக ஒரே ஒரு கல். பானு அதன் பக்கத்தில் போய் நின்று, முகத்தில் ஒரு குறும்பை வரவழைத்துக்கொண்டு கதையை ஆரம்பித்தாள்.

சிலோனில் டன்மேரி என்றொரு தேயிலைத் தோட்டம். அதன் துரைசாணி மிஸஸ் ஹார்லண்டைப் போல விருந்து கொடுக்க அந்த மலையிலேயே ஆள் கிடையாது. அப்படி ஒரு விருந்துக்கு மறுநாள் இந்த அட்டிகையைக் காணவில்லை. பங்களாவில் வேலை பார்த்த ஆயாமேல் சந்தேகம். வாரக்கணக்கில் தோட்டமே அல்லோலகல்லோலம். கடைசியில் பார்த்தால் அட்டிகை பியானோவுக்குள் பத்திரமாகக் கிடக்கிறது. விருந்தன்று கொஞ்சம் அதிகமாகக் குடித்துவிட்டு மேடமே கழற்றி உள்ளே போட்டிருக்கிறார். பிற்பாடு லண்டனில் எந்த விருந்துக்குப் போனாலும் இந்தக் கதையைச் சொல்லிச் சிரிப்பாராம். அந்த ஆயா என்ன ஆனாள் என்று யாராவது கேட்டால், அவளுக்கென்ன, நல்ல சேலையாக ஒன்று கொடுத்தனுப்பினேனே என்பாராம்.

கூட்டம் சிரித்தது. தேனிலவுக்கு வந்திருந்த ஒரு பெண் கணவன் தோளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்பு அடங்கும் வரை பானு பேசாமல் நின்றாள். அந்த இடத்தில் நிறுத்த வேண்டும் என்றுதான் பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள்.

அமிர்தவல்லி சுவரைப் பார்த்தாள். நீண்ட கழுத்தும் இடுங்கிய கண்ணுமாக, அட்டிகையோடு துரைசாணி சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கழுத்தை அவளுக்குத் தெரியும். பங்களா அடுக்களை வாசலில் மிச்ச ரொட்டிக்காக உட்கார்ந்திருந்த ஒன்பது வயதில் பார்த்த கழுத்து. தன்னை அறியாமல் கண்ணாடியில் போய்க் கையை ஊன்றிக்கொண்டாள். தொடக்கூடாது அம்மா என்று காவலாளி ஹிந்தியில் அதட்டினான். அவள் காதில் அது ஏறவில்லை.

அந்த ஆயாவின் பெயர் கருப்பாயி. அமிர்தவல்லியைப் பெற்றவள்.

அட்டிகை காணாமல் போனதும் துரை போலீசைக் கூப்பிடவில்லை. தோட்டத்து வழக்கப்படி விசாரித்துக்கொள் என்று கூலியாட்களை மேய்க்கும் பெரிய கங்காணியிடம் விட்டுவிட்டார். தோட்டத்து வழக்கம் என்றால் மாரியம்மன் கோயில்தான். அம்மன் முன்னால் சூடத்தைக் கொளுத்தி வைப்பார்கள். குற்றம் சாட்டப்பட்டவள் பெற்ற பிள்ளையின் தலையில் ஒரு கையை வைத்து, நான் எடுக்கவில்லை என்று சொல்லி, மறு கையால் எரிகிற சூடத்தை அடித்து அணைக்க வேண்டும். அன்றிலிருந்து முப்பது நாள் கெடு. அதற்குள் பிள்ளைக்கு ஒன்றும் ஆகவில்லையென்றால் அவள் நல்லவள். ஆகிவிட்டால் கள்ளி. கருப்பாயி கொஞ்சமும் தயங்கவில்லை. ஐந்து வயது மகன் முருகையாவை முன்னால் நிறுத்தி, அவன் தலையில் கையை வைத்து, ஒரே அடியில் சூடத்தை அணைத்தாள். அம்மா உள்ளங்கை கொப்பளித்ததை அமிர்தவல்லி கிட்ட நின்று பார்த்தாள்.

கெடு பாதி தாண்டியபோது முருகையாவுக்குக் காய்ச்சல் கண்டது. அந்த மலையில் மழைக்காலத்தில் காய்ச்சல் வராத லயத்து வீடு ஏது? ஆனால் இந்தக் காய்ச்சலை யாரும் காய்ச்சலாகப் பார்க்கவில்லை. ஒவ்வொருவராக வந்து வாசலில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுப் போனார்கள். தோட்டத்து மருந்துக்காரர் மருந்துப் புட்டியோடு வந்தார். அமிர்தவல்லியின் அப்பா தம்பையா வாசலை மறித்து நின்றார். கெடு முடிகிற வரை மருந்து கூடாது. மருந்து கொடுத்துப் பிள்ளை பிழைத்தால் அம்மன் என்ன தீர்ப்புச் சொன்னாள் என்று எப்படித் தெரியும்? கங்காணியும் அதுதான் முறை என்றார். கருப்பாயி ஒருமுறை பிள்ளையைத் தூக்கிக்கொண்டு தேயிலைச் சரிவில் இறங்கி ஓடினாள். ஆட்கள் போய்ப் பிடித்துவந்தார்கள். கெடு முடிய இரண்டு நாள் இருக்கும்போது முருகையா செத்தான்.

அன்றோடு கருப்பாயி கள்ளியானாள். பெற்ற பிள்ளையின் தலையில் கையை வைத்துப் பொய்ச் சத்தியம் செய்து, பிள்ளையையே தின்றவள். தம்பையா அதன் பிறகு அவள் கையால் ஒரு வாய்த் தண்ணீர் குடிக்கவில்லை. சில வருஷம் கழித்து, இந்தியாவுக்குப் போகலாம் என்று அரசாங்கம் சொன்னபோது தனக்கும் மகளுக்கும் மட்டும் பாஸ்போர்ட் எடுத்தார். ரயிலடிக்கு வந்து நின்ற அம்மாவை அமிர்தவல்லி திரும்பிப் பார்க்கவில்லை. தம்பியைத் தின்றவள் என்று அவளும் நம்பினாள். கோயிலில் கேட்ட தீர்ப்பாயிற்றே.

கப்பலேறி, முகாமில் கிடந்து, கச்சாலுக்கு வந்து சேர்ந்தார்கள். டன்மேரி ஆட்கள் சிலரும் அதே தோட்டத்துக்கு வந்தார்கள். அவர்கள் வாயோடு அந்தப் பெயரும் வந்தது. கருப்பாயி லயத்துக் காம்பரா வீட்டுக்குள் தனியாகச் செத்துக் கிடந்தாள், வாய்க்கரிசி போடக்கூட ஆளில்லை என்று பின்னால் வந்த ஒரு குடும்பம் சொன்னது. அமிர்தவல்லிக்கு வந்த வரன்கள் எல்லாம் ‘களவாணி மக’ என்ற ஒரே பேச்சில் வந்த வழியே திரும்பிப் போயின. தம்பையா ரெங்கம்மாவைக் கட்டிக்கொண்டார், அருண்பிரசாத் பிறந்தான், ரெங்கம்மாவும் போய்ச் சேர்ந்தாள். அப்பாவை மட்டும் அமிர்தவல்லி ஒருநாளும் குறை சொன்னதில்லை. அவ்வளவு நடந்த பிறகும் தன்னைக் கை விடாமல் கூட்டிவந்தவர், கச்சாலில் நடக்க முடியாமல் கிடந்தபோது முழங்கால் சேற்றில் தன்னைத் தோளில் சுமந்தவர். அவருக்குப் பீ மூத்திரம் எடுப்பதில் அவளுக்கு ஒரு முகச்சுளிப்பும் கிடையாது.

கூட்டம் அடுத்த பெட்டிக்கு நகர்ந்ததும் பானு பதறிப்போய் அவளிடம் ஓடிவந்தாள். அத்தைக்கு மயக்கம் என்று நினைத்துவிட்டாள்.

“நீ இப்ப சொன்னியே ஒரு ஆயா, அது எங்கம்மா” என்றாள் அமிர்தவல்லி.

பானுவுக்குத் தெரிந்ததெல்லாம் அத்தையின் அம்மா சிலோனிலேயே செத்துப்போனவள் என்பது மட்டும்தான். நாற்காலியில் உட்கார்த்தித் தண்ணீர் கொடுத்து, துண்டு துண்டாகக் கேட்டுத் தெரிந்துகொண்டாள். வேலைக்குச் சேர்ந்த நாளிலிருந்து தினமும் எத்தனை தரம் அந்தக் கதையைச் சொல்லிச் சிரிக்க வைத்திருப்பாள்! முகம் செத்துப்போய் நேரே பொறுப்பாளரிடம் போனாள். இந்தக் கதையை இனி என்னால் சொல்ல முடியாது என்று சொல்லத்தான் போனாள். மெயின்லேண்டு மனிதர், கசங்கின கதர்ச் சட்டையும் ஆயிரம் ரூபாய்ச் செருப்புமாக இருப்பவர். விஷயத்தைக் கேட்டதும் அவருக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அத்தையை அட்டிகைக்குப் பக்கத்தில் நிறுத்தி ஒரு வீடியோ எடுத்துக்கொள்ளலாமா என்றார். கதை கூடினால் நகைக்கும் மதிப்புக் கூடுமாம். மனிதருக்கு வஞ்சகம் ஒன்றும் கிடையாது. அதுதான் இன்னும் கொடுமை. அமிர்தவல்லி எழுந்து வெளியே நடந்தாள்.

பானு லீவு சொல்லிவிட்டு வந்து ஸ்கூட்டரை எடுத்தாள். ஜங்லிகாட் சந்தை நெரிசலில் ஆட்டோக்களுக்கு நடுவே மாட்டிக்கொண்டு நின்றார்கள். இத்தனை வருஷம் பொறுத்த அமிர்தவல்லிக்கு அந்தக் கால் மணி நேரம் பொறுக்கவில்லை. அவளுக்கு வேண்டியது ஒன்றுதான். ‘அவ எடுக்கல’ என்று அப்பா தன் வாயால் சொல்ல வேண்டும். அன்று கோயிலில் தீர்ப்பைக் கேட்டவர்களில் தன்னைத் தவிர மிச்சம் இருப்பவர் அவர் ஒருவர்தான். அவரும் இன்றோ நாளையோ என்று இழுத்துக்கொண்டிருக்கிறார். அவர் சொல்லாமல் போய்விட்டால் அம்மா கடைசி வரைக்கும் கள்ளிதான். அவரும் பாவம், உண்மை தெரியாமல்தானே அம்மாவை விட்டுவிட்டு வந்தார், தெரிந்தால் துடித்துப் போவாரே என்றும் நினைத்தாள். ஆனால் அந்தச் சேலைதான் உறுத்தியது. துரைசாணி சேலை கொடுத்தனுப்பினாள் என்றால் அது யார் கைக்கு வந்தது? அம்மா உடம்பில் புதுச்சேலை எதையும் அவள் பார்த்ததில்லை.

தம்பையா விழித்துக்கொண்டு கிடந்தார். சில நாள் ஆள் தெரியாது, சில நாள் தெளிவாக இருப்பார். அன்றைக்குத் தெளிவு. பானு கைபேசியில் இருந்த அந்தச் சுவர்ப் படத்தைப் பெரிதாக்கி அவர் கண்ணருகே பிடித்தாள். அவர் வெகுநேரம் பார்த்தார்.

“தொரசாணி” என்றார்.

அமிர்தவல்லி கட்டில் விளிம்பில் உட்கார்ந்துகொண்டாள். “அந்த அட்டிக பியானோ பொட்டிக்குள்ளயே கெடந்திச்சாம்பா. அம்மா எடுக்கல. தொரசாணி ஒரு சேல குடுத்தனுப்புச்சாமே, அது வந்திச்சா?”

அவர் முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். வரவில்லை என்று சொல்லிவிடுங்கள் அப்பா என்று அவள் மனசு மன்றாடியது.

“வந்திச்சி” என்றார் தம்பையா.

அதன் பிறகு கொஞ்சம் கொஞ்சமாகச் சொன்னார். முருகையாவுக்குப் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள், பங்களாச் சமையல்காரன் அவரை அடுக்களைப் பின்புறம் கூப்பிட்டு ஒரு பொட்டலத்தைக் கொடுத்தான். பொருள் கிடைத்துவிட்டது, பெஞ்சாதியிடம் இதைக் கொடு, சத்தம் போடாதே, துரை சொன்னார் என்றான். உள்ளே பச்சையில் அரக்குக் கரை போட்ட சேலை. அதைத் தூக்கிக்கொண்டு நேரே மாரியம்மன் கோயிலுக்குப் போய் அம்மனுக்குச் சாத்திவிட்டார். இப்படிப்பட்ட பெண்டாட்டியைக் கட்டியும் மனுஷனுக்கு என்ன பக்தி என்று லயத்தில் பேசிக்கொண்டார்கள். அவர் யாரிடமும் எதுவும் சொல்லவில்லை.

அமிர்தவல்லிக்கு உடம்பெல்லாம் எரிந்தது.

“தெரிஞ்சுகிட்டேதான் அவள அங்கன விட்டுட்டு வந்தீங்களா?”

தம்பையாவின் கை போர்வைமேல் எதையோ தேடியது. அவள் தன் கையைக் கொடுக்கவில்லை.

“அவ எடுக்கல” என்றார்.

அவள் கேட்க வந்தது அதுதான். கேட்டுவிட்டாள். ஆனால் அவர் அதோடு நிறுத்தவில்லை.

“அவ எடுக்கலன்னா, புள்ளைக்கி வந்தது வெறுங்காச்சல்தானே. மருந்து குடுத்திருந்தா பொழச்சிருப்பான்ல, அமிர்தம்?”

அவளுக்கு அப்போதுதான் எல்லாம் விளங்கியது. கருப்பாயி கள்ளியாக இருக்கிற வரைக்கும்தான் முருகையாவை அம்மன் எடுத்துக்கொண்டதாக இருக்கும். அவள் நல்லவளாகிவிட்டால், வாசலை மறித்து நின்றவர்தான் பிள்ளையைக் கொன்றவர். அந்தப் பாரத்தைத் தன்மேல் ஏற்றிக்கொள்ள முடியாமல் தான் கட்டினவள்மேல் இறக்கி வைத்துவிட்டுக் கப்பலேறியிருக்கிறார். அவரைப் பார்க்கப் பாவமாகவும் இருந்தது, அருவருப்பாகவும் இருந்தது.

பானு அத்தையின் தோளைத் தொட்டாள். சாகக் கிடக்கிற மனிதர்; எழுதின விதி அப்படி, யார் என்ன செய்ய முடியும் என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், நிம்மதியாகக் கண்ணை மூடுவார். அவளுடைய கண் அதைத்தான் கெஞ்சியது. அப்படிச் சொல்ல அமிர்தவல்லிக்கும் தெரியும். எத்தனையோ சாவு வீடுகளில் அந்த வார்த்தையைச் சொல்லி ஆட்களைத் தேற்றியிருக்கிறாள்.

“பொழச்சிருப்பான்பா” என்றாள்.

தம்பையா கண்ணை மூடிக்கொண்டார். அன்று சாயந்திரம் கஞ்சி வாங்கவில்லை. மறுநாள் விடிந்ததும் முதல் நாள் பேசினது எதுவும் அவருக்கு நினைவில் இல்லை. முருகையாவின் காய்ச்சல் மட்டும் தலைக்குள்ளே நின்றுவிட்டது. உடம்பு துடைக்கப் போனவளின் முந்தானையைப் பிடித்துக்கொண்டு, மருந்து கொடுத்திருந்தால் பிள்ளை பிழைத்திருப்பானா என்று புதிதாகக் கேட்பதுபோலக் கேட்டார். அதற்கு மறுநாளும் கேட்டார். ஒவ்வொரு தரமும் வேறு பதில் வரும் என்கிற ஆசை அந்த முகத்தில் பச்சையாகத் தெரிந்தது.

ஒருநாள் பானுவால் தாங்க முடியவில்லை. அடுப்படிக்கு வந்து, ஒரு பொய்தானே அத்தை, சொன்னால் என்ன குறைந்துவிடும் என்று அழுதாள். அமிர்தவல்லி கஞ்சியை ஆற்றிக்கொண்டே, “அதையேதான் நானும் நெனைக்கிறேன். அம்மா நெனப்பு விடமாட்டேங்குது” என்றாள். பிறகு கிண்ணத்தை எடுத்துக்கொண்டு போய் அப்பாவை நிமிர்த்தி உட்கார வைத்து, வாயைத் துடைத்து, ஒவ்வொரு கரண்டியாக ஊட்டினாள். பாதிக் கிண்ணத்தில் அவர் அவள் கையைப் பிடித்து நிறுத்திக் கேட்டார். அவள் பொறுமையாக அதே பதிலைச் சொன்னாள்.